ஓரணு ஏடுகள்: உரிப்பதும் அடுக்குவதும்

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை, குளக்காநத்தம் பக்கத்து ஓடைகளில் நடந்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானதாக இருக்கும். களிமண் மேடுகளை மழைநீர் அரித்துப் பள்ளம் பள்ளமாக ஆக்கியிருக்கும். அந்தச் சரிவுகளில் வெயில் படும்போது கண்ணாடிச் சில்லுகள் போல ஏதோ மின்னும். கையில் எடுத்துப் பார்த்தால் அது கண்ணாடி அல்ல, ஜிப்சம். நகத்தால் கீறினால் கோடு விழும். ஓரத்தில் ஊசி முனையைக் கொடுத்து நெம்பினால் ஏடு ஏடாகப் பிரியும். நாட்டு மருந்துக் கடைகளில் இதற்குக் கற்பூர சிலாசத்து என்று பெயர். அரியலூர் சிமெண்டு ஆலைகளில் சுட்டெடுத்த கிளிங்கரோடு சிறிதளவு ஜிப்சத்தையும் சேர்த்து அரைக்கிறார்கள். அதைச் சேர்க்காவிட்டால், தண்ணீர் ஊற்றிய சிமெண்டு கொத்தனார் கரண்டியை எடுப்பதற்குள் இறுகிவிடும். ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்கடலின் அடியில் படிந்த களிமண்ணின் விரிசல்களில் இந்த ஜிப்சம் உருவாயிற்று.

நமக்கு வேண்டியது அதன் வரலாறு அல்ல. ஊசியால் ஓர் ஏட்டைப் பிரித்தோம். அந்த ஏட்டை மறுபடியும் இரண்டாகப் பிரிக்கலாம். அதையும் பிரிக்கலாம். இப்படியே பிரித்துக்கொண்டே போனால், ஒரே ஓர் அணுவின் கனம் மட்டுமே உள்ள ஏடு கிடைக்குமா? கிடைத்தால் அது கையில் நிற்குமா, சுருண்டு பொடியாகிவிடுமா? அத்தகைய ஏடுகளை வேண்டிய வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், இயற்கையில் இல்லாத புதிய பொருளொன்றை உண்டாக்க முடியுமா?

முதல் கேள்விக்கு 2004-ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. மூன்றாவது கேள்விக்கான விடைகள் இப்போது ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கின்றன.

எல்லா ஏடும் ஓரணு ஏடு ஆவதில்லை

ஏடு ஏடாகப் பிரியும் பொருள்கள் பல உண்டு. அவை எல்லாம் ஒரே காரணத்தால் பிரிவதில்லை. ஜிப்சத்தில் கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்த அடுக்குகளுக்கு நடுவே நீர் மூலக்கூறுகள் அமர்ந்திருக்கின்றன. அந்த நீரின் ஹைட்ரஜன் பிணைப்புகள்தாம் ஓர் அடுக்கை அடுத்த அடுக்கோடு கட்டி வைத்திருக்கின்றன. இவை மற்றப் பிணைப்புகளைவிட வலுக் குறைந்தவை. ஆகவே ஊசி அந்த இடத்தில் நுழைகிறது. என்றாலும் ஓர் அடுக்கை மட்டும் தனியே உரித்தெடுக்கும் அளவுக்கு அவை பலவீனமானவை அல்ல. காக்காய்ப்பொன் என்று நாம் சொல்லும் மைக்காவில் அடுக்குகளுக்கு இடையே பொட்டாசிய அயனிகள் இருக்கின்றன. எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பு அங்கே பசையாக வேலை செய்கிறது. மைக்காவையும் மிக மெல்லியதாகப் பிரிக்கலாம். ஆனால் ஒற்றை அடுக்கு வரை கொண்டுபோவது கடினம்.

நம் மாவட்டங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் மண்ணைப் பாருங்கள். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். நான்கு மழை பெய்ததும் வீங்கி வெடிப்பெல்லாம் மூடிவிடும். கரிசலில் கட்டிய வீட்டின் சுவர் ஏன் விரிசல் விடுகிறது என்று கட்டியவரைக் கேட்டால் மண்ணின் மேல் பழி போடுவார். அவர் சொல்வது சரியே. அம்மண்ணில் உள்ள மாண்ட்மோரில்லனைட் என்ற களிமண் கனிமம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் கனமுள்ள ஏடுகளால் ஆனது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் அவை விலகுகின்றன. தண்ணீர் ஆவியானால் நெருங்குகின்றன. கோடிக்கணக்கான ஏடுகள் ஒவ்வொன்றும் இம்மியளவு விலகினால் போதும், வீடே அசையும். ஏடு பிரிக்கும் வேலையை மழை நம் வயல்களில் ஆண்டுதோறும் செய்துகொண்டுதான் இருக்கிறது.

ஓர் ஏட்டை முழுமையாகவும் சுத்தமாகவும் தனியே எடுக்க வேண்டுமானால் ஏடுகளுக்கு இடையே நீரோ அயனியோ எதுவும் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட பொருள் கிராபைட். பென்சிலின் நடுவே இருப்பது இதுதான்; களிமண்ணோடு கலந்து சுட்டிருப்பார்கள். கிராபைட்டின் ஒவ்வோர் அடுக்கிலும் கார்பன் அணுக்கள் தேனடையின் அறைகளைப் போல அறுகோணங்களாகக் கோத்து நிற்கின்றன. பக்கத்து அணுவுக்கு உள்ள தூரம் 0.142 நானோமீட்டர். அடுத்த அடுக்குக்கு உள்ள தூரமோ 0.335 நானோமீட்டர். அடுக்குக்குள் இருக்கும் பிணைப்பு இரும்பை விட உறுதியானது. அடுக்குகளுக்கு இடையே இருப்பது வான் டெர் வால்ஸ் விசை என்னும் மெல்லிய ஈர்ப்பு மட்டுமே. ஆற்றல் கணக்கில் பார்த்தால் முன்னதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பென்சிலால் எழுதும்போது தாளில் படிவது இப்படி வழுக்கிப் பிரிந்த ஏடுகளின் குவியல்தான்.

கிராபைட்டுக்கு நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனத்தின் கிராபைட் சுரங்கம் உண்டு. அங்கே செதில் செதிலாகக் கிடைக்கும் கிராபைட்டை அரைத்து, நுரையில் மிதக்கவிட்டுப் பிரித்தெடுக்கிறார்கள். தண்ணீர் ஒட்டாத கிராபைட் செதில்கள் காற்றுக் குமிழிகளோடு மேலே வந்துவிடும். மண் அடியில் தங்கிவிடும். இலங்கையின் பொகல, கஹட்டகஹ சுரங்கங்களின் கிராபைட்டோ அதன் தூய்மைக்காக உலகம் முழுவதும் பெயர் பெற்றது.

கிருஷ்ணன் அளந்த கிராபைட்

கிராபீன் என்றதும் எல்லாரும் மான்செஸ்டரிலிருந்து கதையைத் தொடங்குகிறார்கள். அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, கிராபைட்டின் ஏடுகள் தனித்தனி உலகங்களைப் போல நடந்துகொள்கின்றன என்பதை அளந்து காட்டியவர் ஒரு தமிழர். வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன்தான் அவர். 1928-இல் கல்கத்தாவில் ராமன் விளைவைக் கண்டறியும் பணியில் ராமனுக்குத் துணை நின்றவரும் இவரே. இந்த ஒரு சாதனையோடு அவர் பெயரைச் சொல்லி நிறுத்திவிடுவது நம் பாடப் புத்தகங்களின் வழக்கம். படிகங்களின் காந்தப் பண்பில் அவர் செய்த வேலை அதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

கிராபைட் படிகத்தைக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டு, புலம் ஏடுகளுக்குச் செங்குத்தாக இருக்கும்போதும் ஏடுகளின் போக்கிலேயே இருக்கும்போதும் அது எப்படி எதிர்க்கிறது என்று அவர் அளந்தார். செங்குத்தான திசையில் எதிர்ப்பு பன்மடங்கு அதிகம். 1934-இல் இதை வெளியிட்டார். 1939-இல் கங்குலியுடன் சேர்ந்து மின்கடத்தலை அளந்தபோது வேறுபாடு இன்னும் பெரியதாக இருந்தது. ஏட்டின் போக்கில் மின்சாரம் தாராளமாக ஓடுகிறது. ஏட்டுக்கு ஏடு தாண்டுவதற்கு ஆயிரக்கணக்கான மடங்கு தடை. எலெக்ட்ரான்கள் ஏடுகளுக்குள்ளேயே அடைபட்டுத் திரிகின்றன என்பது இதிலிருந்து விளங்கிற்று. 1947-இல் வாலஸ் என்பவர் கிராபைட்டின் எலெக்ட்ரான்களைக் கணக்கிடப் புகுந்தபோது, ஏடுகளுக்கு இடையிலான உறவை முதலில் ஒதுக்கிவிட்டு ஒற்றை ஏட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். கணக்கின் வசதிக்காகக் கற்பித்துக்கொண்ட அந்த ஏடு ஒருநாள் கைக்கு வரும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. இரு பரிமாணப் படிகம் வெப்ப அதிர்வுகளால் நிலைகுலைந்துவிடும் என்பதே கோட்பாட்டாளர்களின் கருத்தாக இருந்தது.

ஒட்டு நாடாவின் கணக்கு

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலவும் கிராபைட்டை மெல்லியதாக்க முதலில் மெருகேற்றும் எந்திரத்தைத்தான் நாடினார்கள். அதில் கிடைத்த துண்டு போதிய அளவு மெல்லியதாக இல்லை. அதே ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்காகக் கிராபைட்டைத் தயாரிப்பவர்கள், மேல் பரப்பைச் சுத்தம் செய்ய ஒட்டு நாடாவை ஒட்டி உரித்துக் குப்பையில் போடுவது வழக்கம். அந்தக் குப்பை நாடாவை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான், தேடிக்கொண்டிருந்ததைவிட மெல்லிய துண்டுகள் அதில் ஒட்டியிருப்பது தெரிந்தது. 2004 அக்டோபரில் கட்டுரை வெளிவந்தது. 2010-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கிராபைட்டில் எத்தனை அடுக்குகள் உண்டு? 0.335 நானோமீட்டரால் வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 30 லட்சம். நம் ஆய்வகத் திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர், அந்த ஒரு பிரிவுக்குள்ளேயே 30,000 அடுக்குகள் அடங்கும். நாடாவை மடித்து ஒட்டிப் பிரிக்கும்போது துண்டு ஒவ்வொரு முறையும் சரிபாதியாகப் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்தை இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் 22-ஆம் முறையில் ஒன்றுக்கு வந்துவிடுகிறோம். சதுரங்கப் பலகையில் நெல் வைத்த கதையைத் தலைகீழாகப் படிப்பது போன்றது இது. உண்மையில் துண்டுகள் சரிபாதியாகப் பிரிவதில்லை. ஓர் இடத்தில் நூறு அடுக்கு, பக்கத்தில் ஐந்து, அதற்கும் பக்கத்தில் ஒன்று என்று தாறுமாறாக இருக்கும். நாடாவைச் சிலிக்கன் தகட்டின்மேல் அழுத்தி மெதுவாக உரித்தால் ஆயிரக்கணக்கான துண்டுகள் தகட்டில் தங்கும். அவற்றில் ஓரடுக்கு ஏடு ஒன்றோ இரண்டோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வைக்கோற்போரில் ஊசி தேடுவதுதான்.

தேட உதவுவது ஒரு பழைய பௌதிகப் பாடம். மழை பெய்த தெருவில் சிந்திய பெட்ரோல் வானவில்லாகத் தெரிகிறதல்லவா? மெல்லிய படலத்தின் மேல்பரப்பிலும் கீழ்ப்பரப்பிலும் எதிரொளித்த ஒளிகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறம் காட்டுகின்றன. சிலிக்கன் தகட்டின்மேல் ஏறத்தாழ 300 நானோமீட்டர் கனத்துக்கு ஆக்சைடு படலம் வளர்த்தால் அது கத்தரிப்பூ நிறமாகத் தெரியும். அதன்மேல் ஓர் ஏடு கார்பன் இருந்தால் அந்த நிறம் இம்மியளவு கறுக்கும். பழகிய கண்ணுக்குச் சாதாரண நுண்ணோக்கியிலேயே அது தெரியும். படலத்தின் கனம் 300-க்குப் பதிலாக 315 ஆகிவிட்டால் ஏடு கண்ணுக்கு முழுவதும் மறைந்துவிடும் என்று கெய்மும் நோவோசெலவும் எழுதியிருக்கிறார்கள். தற்செயலாகச் சரியான தகடு கையில் இருந்ததும் அவர்களுடைய நல்லூழ்.

கண்ணால் கண்டது ஓரடுக்கா ஈரடுக்கா என்று முடிவு சொல்வது யார்? இங்கேதான் திருச்சி திருவானைக்காவலில் பிறந்த ராமன் வருகிறார். ஏட்டின்மேல் பச்சை லேசர் ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறியிருக்கும். கார்பன் அணுக்களின் அதிர்வு ஒளியிலிருந்து எடுத்துக்கொண்ட ஆற்றலே அந்த நிற மாற்றம். கிராபீனில் இரண்டு முகடுகள் முக்கியமானவை. ஒன்று சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1580 அலைகள் என்னும் இடத்திலும், மற்றொன்று 2700-ஐ ஒட்டியும் எழும். ஓரடுக்கு ஏட்டில் இரண்டாவது முகடு ஒற்றையாக, ஒடுங்கி, முதல் முகட்டைவிட உயர்ந்து நிற்கும். ஈரடுக்கானால் அது அகன்று நான்கு முகடுகளின் கலவையாகிவிடும். 2006-இல் வெளியான இந்தச் சோதனை இன்று கிராபீன் ஆய்வுக்கூடங்களில் அன்றாட நடைமுறை. ஏடுகளை அளந்த கிருஷ்ணனும், ஏடுகளை எண்ணும் கருவிக்குப் பெயர் தந்த ராமனும் ஒரே ஆய்வுக்கூடத்தில் உழைத்தவர்கள்.

மிக்ஸியும் வியாபாரமும்

நாடாவால் கிடைப்பது தலைமயிரின் கனத்தை விடச் சிறிய துண்டு. ஆராய்ச்சிக்கு அது போதும், தொழிலுக்குப் போதாது. தொழிலுக்கு இரண்டு வழிகள் உண்டு. தாமிரத் தகட்டை ஏறத்தாழ 1000 டிகிரிக்குச் சூடாக்கி அதன்மேல் மீத்தேன் வாயுவைச் செலுத்தினால் கார்பன் அதன் பரப்பில் ஓரடுக்காகப் படியும். 2009 முதல் இம்முறை பரவிற்று. மற்றொன்று, கரிசல் மண்ணில் மழை செய்வதைப் போன்றது. கிராபைட் பொடியைத் தக்க திரவத்தில் இட்டு வேகமாகக் கலக்கினால் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் பிரியும். டப்ளின் நகரில் ஜொனாதன் கோல்மனின் குழுவினர் 2014-இல் சமையலறை மிக்ஸியையும் பாத்திரம் துலக்கும் திரவத்தையும் கொண்டே இதைச் செய்து காட்டினார்கள். மாணவர்களிடம் இதைச் சொன்னால் மறுநாளே வீட்டு மிக்ஸிக்கு ஆபத்து. கிராபைட் பொடி மின்சாரத்தைக் கடத்தும். மோட்டாருக்குள் போனால் மிக்ஸி மட்டுமல்ல, ஆளுக்கும் கேடு. இதை வீட்டில் செய்ய வேண்டாம்.

இவ்வழியில் கிடைப்பது பெரும்பாலும் சில அடுக்குகள் முதல் பல பத்து அடுக்குகள் வரை கலந்த கலவை. கடைகளிலும் விளம்பரங்களிலும் இன்று பெயின்ட், எண்ணெய், பாட்டரி என்று பலவற்றின்மேல் கிராபீன் என்ற சொல் ஒட்டப்பட்டிருக்கிறது. 2018-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நாடுகளைச் சேர்ந்த 60 நிறுவனங்களின் ‘கிராபீன்’ பொடிகளை வாங்கிச் சோதித்தார்கள். பத்து அடுக்கு வரை உள்ளதையும் கிராபீன் என்றே கணக்கில் சேர்த்தார்கள். அப்படித் தாராளமாகக் கணக்கிட்டும் பெரும்பாலான பொடிகளில் கிராபீன் பத்து சதவிகிதம்கூட இல்லை. மீதி கிராபைட் பொடிதான். பென்சில் கரியைப் பன்மடங்கு விலைக்கு வாங்குவது என்பது இதுவே. நம் கல்லூரிகளில் எம்.எஸ்ஸி. ஆய்வுத் திட்டத்துக்காக மாணவர்கள் கைக்காசு போட்டு இத்தகைய பொடியை வாங்குகிறார்கள். வாங்கியதும் ராமன் நிறமாலை எடுத்துப் பார்க்காமல் மேற்கொண்டு ஒரு சோதனையும் செய்யக் கூடாது என்பது என் கருத்து. இல்லாவிட்டால் ஓராண்டு உழைப்பும் எதன்மேல் செலவாயிற்று என்றே தெரியாமல் போகும்.

அடுக்கும் கலை

உரிக்கத் தக்க படிகம் கிராபைட் மட்டுமல்ல. மாலிப்டினம் டைசல்பைடு என்ற கனிமம் கிராபைட்டைப் போலவே வழவழப்பானது. மசகுப் பொருளாக அதைப் பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் அரூர், ஊத்தங்கரைப் பகுதிப் பாறைகளில் இக்கனிமம் உண்டு. அதன் ஓரடுக்கு குறைகடத்தி. கட்டிப் பொருளாக இருக்கும்போது மங்கலாக ஒளிர்வது, ஓரடுக்காக்கியதும் பளிச்சென ஒளிர்வதை 2010-இல் கண்டார்கள். அறுகோண போரான் நைட்ரைடு மின்சாரத்தைக் கடத்தாது. நையோபியம் டைசெலினைடு குளிரூட்டினால் மீக்கடத்தி. அதாவது மின்தடையே அற்றுப்போகும். கடத்தி, குறைகடத்தி, கடத்தாப் பொருள், மீக்கடத்தி என எல்லாம் ஓரணு ஏடுகளாகக் கிடைக்கின்றன. சாதாரணமாக ஒரு படிகத்தின்மேல் வேறொரு படிகத்தை வளர்க்க வேண்டுமானால் இரண்டின் அணு இடைவெளிகளும் பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் வெடிக்கும். வான் டெர் வால்ஸ் விசைக்கு அந்தப் பொருத்தம் தேவையில்லை. எந்த ஏட்டையும் எந்த ஏட்டின்மேலும் வைக்கலாம்.

முதல் தேவை நல்ல தரை. சிலிக்கன் ஆக்சைடு நம் கண்ணுக்கு வழவழப்பானது. ஓரணு ஏட்டுக்கோ அது காரை ஓடைப் பள்ளங்களைப் போன்றது. அதில் சிக்கிய மின்னூட்டங்களும் எலெக்ட்ரான்களை இடறிவிடும். 2010-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் கிராபீனைப் போரான் நைட்ரைடின்மேல் வைத்துப் பார்த்தார்கள். இரண்டின் அணு அமைப்பும் ஒரே அறுகோணம், அளவில் 1.8 சதவிகிதமே வேறுபாடு. எலெக்ட்ரான்கள் முன்னைவிடப் பல மடங்கு இலகுவாக ஓடின. அன்று முதல் உலகத்தின் ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலானவை போரான் நைட்ரைடுக்கு ஜப்பானின் சுக்குபா நகரில் உள்ள தனிகுச்சி, வாத்தனாபே என்ற இருவரையே நம்பியிருந்தன. 40,000 வளிமண்டலங்களுக்கு மேற்பட்ட அழுத்தத்தில், ஏறத்தாழ 1500 டிகிரி வெப்பத்தில் அவர்கள் அப்படிகங்களை வளர்த்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளில் அவர்கள் பெயர் இருப்பதற்குக் காரணம் அதுவே.

இனி அடுக்கும் முறையைப் பார்ப்போம். ஒரு கண்ணாடித் தகட்டின் நுனியில் ஒளி ஊடுருவும் சிலிக்கோன் ரப்பரைச் சிறு மேடாக வைத்து, அதன்மேல் பாலிகார்பனேட் படலத்தைப் போர்த்துகிறார்கள். ரப்பர் மேடு கீழே பார்த்திருக்கும்படி தகட்டைக் கவிழ்த்து நுண்ணோக்கிக்கு அடியில் பொருத்துகிறார்கள். அதற்கும் கீழே, சூடாக்கவும் திருப்பவும் கூடிய மேடையில் போரான் நைட்ரைடுத் துண்டுகள் உள்ள சிலிக்கன் தகடு இருக்கும். மைக்ரோமீட்டர் திருகைத் திருப்பி மெதுவாக இறக்கினால் ரப்பர் மேடு வேண்டிய துண்டைத் தொடும். மேடையை 80, 100 டிகிரி என்று சூடாக்கிவிட்டு மேலே தூக்கினால் துண்டு படலத்தோடு வந்துவிடும்.

அடுத்து, அந்தத் துண்டைக் கொண்டே கிராபீனைத் தூக்க வேண்டும். போரான் நைட்ரைடு கிராபீனை இழுக்கும் இழுப்பு, சிலிக்கன் ஆக்சைடு கிராபீனைப் பிடித்திருக்கும் பிடிப்பைவிட அதிகம். ஆகவே தொட்டுத் தூக்கினால் கிராபீன் மேலே வந்துவிடும். பிளாஸ்டிக் படலம் கிராபீனைத் தொடவே இல்லை என்பதுதான் இதன் நயம். பிறகு இந்த இரண்டையும் கொண்டு அடியில் வைக்க வேண்டிய போரான் நைட்ரைடைத் தூக்கலாம், அல்லது அதன்மேல் இறக்கி வைத்துவிடலாம். கடைசியில் மேடையை ஏறத்தாழ 180 டிகிரிக்குச் சூடாக்கினால் பாலிகார்பனேட் உருகி ரப்பரை விட்டு அடுக்கின்மேல் தங்கும். குளோரோபார்மில் கழுவினால் அதுவும் போய்விடும். நடுவில் அகப்பட்ட கிராபீனுக்கு மின் இணைப்பு கொடுப்பது எப்படி என்பது அடுத்த சிக்கல். 2013-இல் கொலம்பியா குழுவினர் அடுக்கை ஓரத்தில் வெட்டி, வெளியே தெரியும் ஓரணுக் கன விளிம்பில் உலோகத்தைப் படியவைத்தார்கள். அந்த மெல்லிய கோடு போதுமானதாக இருந்தது!

சொல்வதற்கு எளிது, செய்பவர்களின் பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. இரண்டு ஏடுகளுக்கு நடுவே காற்றோ ஈரமோ எண்ணெய்ப் பசையோ கொஞ்சம் அகப்பட்டால் அது குமிழியாகிவிடும். நோட்டுப் புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் அட்டை ஒட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல ஒட்டிக்கொண்டு வந்தால் காற்று வெளியேறும். இங்கும் அப்படித்தான், ஒட்டும் எல்லைக்கோடு நகர்வதை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே வினாடிக்கு ஒரு மைக்ரோமீட்டர் என்ற அளவில் இறக்க வேண்டும். கைப்பதற்றம், அறை அதிர்வு, ஒரு தூசி, எதுவும் அரை நாள் வேலையைக் கெடுக்கும். கருப்புப் பாஸ்பரஸ் போன்றவை காற்றுப் பட்டாலே கெட்டுவிடும். அவற்றை ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள், அதில் பதித்த ரப்பர் கையுறைகளுக்குள் கையை விட்டு அடுக்க வேண்டும்.

கோணம் பேசுகிறது

இரண்டு கொசுவலைத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒன்றைச் சற்றே திருப்புங்கள். வலையின் கண்களைவிடப் பெரிய கட்டங்கள் தோன்றும். இவற்றுக்கு முவாரே வடிவங்கள் என்று பெயர். கோணம் குறையக் குறையக் கட்டம் பெரிதாகும். வலைக் கண்ணின் அளவை, அரைக் கோணத்தின் சைன் மதிப்பைப் போல் இரு மடங்கால் வகுத்தால் கட்டத்தின் அளவு வரும். கண் 1.5 மில்லிமீட்டர், கோணம் 5 டிகிரி என்றால் கட்டம் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர். கோணத்தை 1.1 டிகிரியாக்கினால் அதுவே 8 சென்டிமீட்டர் ஆகும். அளவுகோலும் பாகைமானியும் போதும், வகுப்பிலேயே சரிபார்க்கலாம்.

இரண்டு கிராபீன் ஏடுகளை 1.1 டிகிரி திருப்பி அடுக்கினாலும் இதே கணக்குதான். கிராபீனின் வலைக்கண் 0.246 நானோமீட்டர், ஆகவே கட்டம் ஏறத்தாழ 13 நானோமீட்டர். அந்த ஒரு கட்டத்துக்குள் 11,000 அளவில் கார்பன் அணுக்கள் உள்ளன. 2011-இல் பிஸ்ட்ரிட்சரும் மெக்டானல்டும் கணக்குப் போட்டு, ஏறத்தாழ இந்தக் கோணத்தில் எலெக்ட்ரான்களின் வேகம் அநேகமாக நின்றுவிடும் என்றார்கள். வேகமாக ஓடும் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று பொருட்படுத்துவதில்லை. சந்தை நெரிசலில் அகப்பட்டவர்கள் பக்கத்து ஆளின் ஒவ்வோர் அசைவையும் உணர்வதுபோல, வேகம் குன்றிய எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று கவனித்தே ஆக வேண்டும். அப்போது கூட்டாக ஏதேனும் செய்யும்.

செய்தன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் யுவான் சாவ் என்ற ஆய்வு மாணவரும் அவருடைய ஆசிரியர் பாப்லோ ஹரியோ-எர்ரெரோவும் பிறரும் 2018 மார்ச்சில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 1.1 டிகிரி திருப்பிய ஈரடுக்கு, மின்புலத்தை மாற்றினால் ஒரு நிலையில் மின்சாரத்தைத் தடுக்கிறது. இன்னொரு நிலையில், 1.7 கெல்வினில், மீக்கடத்தியாகிறது. சுழியத்துக்குக் கீழே 271 டிகிரி குளிர் அது. வெறும் கார்பன், வேறு தனிமம் எதையும் கலக்கவில்லை, திருப்பியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. கிராபீனில் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் மீக்கடத்தல் வரலாம் என்று சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன் பெங்களூர் ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2010-இலேயே கோட்பாட்டளவில் எழுதியிருந்தார். திருப்பிய ஏடுகளின் மீக்கடத்தலுக்குக் காரணம் எது என்பதில் விவாதம் இன்னும் ஓயவில்லை.

1.1 டிகிரியை எப்படி வைப்பது? இரண்டு வெவ்வேறு துண்டுகளை எடுத்தால் அவற்றின் அணு வரிசை எந்தத் திசையில் இருக்கிறது என்று நுண்ணோக்கி சொல்லாது. டெக்சாஸ் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட உபாயம் எளியது. ஒரே கிராபீன் ஏட்டின் பாதியை மட்டும் போரான் நைட்ரைடால் தொட்டுத் தூக்கினால் ஏடு நடுவில் கிழிந்து பாதி மேலே வரும், பாதி கீழே கிடக்கும. இரண்டும் ஒரே படிகம், திசை ஒன்றே. மேடையை 1.1 டிகிரி திருப்பிவிட்டு மற்றப் பாதியையும் தூக்க வேண்டியதுதான். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. திருகிய ஏடுகளுக்குத் திருகல் பிடிப்பதில்லை. சூடுபடுத்தினால் பழைய திசைக்கே வழுக்கித் திரும்பப் பார்க்கும். ஒரே அடுக்கில் ஓரிடத்தில் 1.1, பக்கத்தில் 1.0 என்று கோணம் மாறியும் இருக்கும். பத்து அடுக்குகள் செய்தால் சொன்னபடி நடப்பவை ஒன்றிரண்டே. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அரிந்தம் கோஷ், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மந்தார் தேஷ்முக் ஆகியோரின் குழுக்கள் இத்தகைய அடுக்குகளை நம் நாட்டிலேயே செய்து ஆராய்ந்து வருகின்றன.

நம் கல்லூரியில் எது முடியும்?

ஆர்கான் பெட்டியும் கெல்வின் குளிரும் அரியலூர்க் கல்லூரியில் இல்லை. ராமன் நிறமாலைமானிக்குத் திருச்சியோ சென்னையோ போக வேண்டும். சிறு கல்லூரிகளின் ஆசிரியர்களும் மாணவர்களும் பெரிய நுண்மின்னணு ஆய்வுக்கூடங்களில் வேலை செய்ய, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தையும் மும்பை ஐ.ஐ.டி.யையும் கொண்டு 2008-இல் தொடங்கிய தேசியத் திட்டம் ஒன்று வழி செய்தது. அத்தகைய வாய்ப்புகளுக்கு விண்ணப்பிப்போர் நம் பக்கத்தில் குறைவு.

உரிப்பதை இங்கேயே செய்யலாம். வேண்டியவை கிராபைட் செதில், ஒட்டு நாடா, நுண்ணோக்கிக்கான கண்ணாடித் தகடு, தாவரவியல் துறையின் நுண்ணோக்கி, ஒரு கைப்பேசி. நாடாவில் இருபது முறை மடித்துப் பிரித்த செதிலைச் சுத்தமான கண்ணாடியில் அழுத்தித் தேய்த்து, நாடாவை மிக மெதுவாக உரியுங்கள். கீழிருந்து ஒளி வரும்படி வைத்துப் பார்த்தால் கறுப்புத் துண்டுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்திலும், அதைவிட வெளிறியும் சில தெரியும். கிராபீனின் ஓர் அடுக்கு தன்மேல் விழும் ஒளியில் 2.3 சதவிகிதத்தை உறிஞ்சுகிறது. மான்செஸ்டரில் கேரளத்தவரான ராகுல் நாயரும் பிறரும் 2008-இல் இதை அளந்து வெளியிட்டார்கள். எந்த நிறத்து ஒளியானாலும் அநேகமாக இதே அளவுதான். ஆகவே ஒளிப்படத்தில் வெறும் கண்ணாடியின் பிரகாசத்தையும் பக்கத்துத் துண்டின் பிரகாசத்தையும் ஒப்பிட்டு, எத்தனை சதவிகிதம் குறைந்தது என்று பார்த்து 2.3-ஆல் வகுத்தால் அடுக்குகளின் எண்ணிக்கை ஏறத்தாழக் கிடைக்கும். பத்தோ பதினொன்றோ சதவிகிதம் குறைந்தால் நான்கைந்து அடுக்கு. இருபதுக்கு மேல் போனால் இந்த வகுத்தல் கணக்கு பிசகும்; அப்போது ஒவ்வோர் அடுக்கும் எஞ்சிய ஒளியில்தான் 2.3 சதவிகிதத்தை எடுக்கிறது என்று கொண்டு கணக்கிட வேண்டும். நாடாவின் பசையும் கண்ணாடியில் ஒட்டி ஒளியைக் குறைக்கும். ஆனால் அது கலங்கலாக, ஓரம் மழுங்கித் தெரியும். கிராபைட் ஏட்டின் ஓரம் நேர்க்கோடாக வெட்டினாற்போல் இருக்கும். இன்னொன்று: கைப்பேசிகள் படத்தை அழகுபடுத்துவதற்காகப் பிரகாச அளவுகளைத் தாமாகவே திருத்திவிடுகின்றன. திருத்தாத மூலப் படத்தைச் சேமிக்கும் வசதி உள்ள கைப்பேசியைப் பயன்படுத்துங்கள். ஒளி அளவையும் நேரத்தையும் கையால் நிலைநிறுத்திவிட்டு, ஒரே படத்திலேயே கண்ணாடியும் துண்டும் விழும்படி எடுங்கள்.